முகம் மாறிய இசைமேசை: கேக்வாக் மென்பொருளின் முப்பத்தாறு ஆண்டுகள்

இலக்கியம் பேசக் கூடிய இவ்விடத்தில் இசை மென்பொருளுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் எழுதுகோலை விட்டு விசைப்பலகைக்கு வந்து சேர்ந்த தலைமுறையினர் நாம். தட்டச்சுப் பயிலகத்தில் பழகிய விரல்களோடு கணினிக்கு வந்தவர், தமிழ்99 முறையை முயன்று கற்றவர், ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைப்பவர் என நம்முள்ளேயே மூன்று வகையினர் உண்டு. ஒருவருடைய கணினியில் மற்றவர் அமர்ந்தால் ஒரு வரி நகர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். கைக்குப் பழகிய கருவி மாறும்போது எண்ணமும் சேர்ந்து தடுமாறும் என்பதை நாம் பட்டறிந்திருக்கிறோம். கணினியில் இசையமைப்போர்க்கு அதே தடுமாற்றம் கடந்த நாற்பது ஆண்டுகளில் பலமுறை நேர்ந்திருக்கிறது. அக்கதையைச் சொல்லிப் பார்க்கலாம் எனத் தோன்றியது.

இக்கட்டுரையில் ஒரு மென்பொருளைப் பின்தொடர்ந்து செல்ல எண்ணுகிறோம். 1987இல் கேக்வாக் என்ற பெயரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தோன்றி, பின்னர் சோனார் எனப் பெயர் மாறி, மும்முறை கைமாறி, ஒருமுறை இறந்து, 2023இல் புதுமுகத்தோடு மீண்டும் அறிவிக்கப்பட்ட மென்பொருள் அது. புகழில் இதனைவிடப் பெரியவை உண்டு. அவற்றையும் வழியில் காண்போம். எழுத்துகளால் மட்டுமே ஆன திரையில் தொடங்கி இன்றைய பளபளப்பான திரை வரை எல்லாப் பருவங்களையும் ஒரே உடலில் கடந்தது என்பதனாலேயே கேக்வாக்கைத் தேர்ந்தோம். இவ்வரலாற்றைச் சொல்வோர் வழக்கமாக விட்டுவிடும் ஒரு தரப்பினரும் உண்டு. அவர்களைப் பிற்பகுதியில் சந்திப்போம்.

*

முதலில் சற்றே பின்னோக்கிச் செல்வோம். 1979இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இருவர் ஃபேர்லைட் சிஎம்ஐ என்ற கருவியை வெளியிட்டனர். பியானோவைப் போன்ற விசைவரிசை, கணினிப் பெட்டி, ஒரு திரை, அத்திரையைத் தொட்டு எழுத ஓர் ஒளிப்பேனா. 1982இல் அதில் 'பேஜ் ஆர்' என்றொரு பக்கம் சேர்ந்தது. இசைக்கருவிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையில் நிற்க, காலம் இடமிருந்து வலமாக ஓட, தாளத்தை அப்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். இன்றைய இசை மென்பொருள் எதனைத் திறந்தாலும் நாம் காண்பது ஏறத்தாழ இதே அமைப்பைத்தான். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் போன்ற பெயர்பெற்ற கலைஞர்களும் பணம் படைத்த ஒலிப்பதிவுக் கூடங்களும் அன்றி வேறெவரும் அதனை வாங்க இயலாதிருந்தது.

எளியவர்க்கு வழி திறந்தது 1983இல். அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த நாம் இசைக்கருவிக் கண்காட்சியில் (நம் 'நாம்' அன்று, வணிகர் சங்கமொன்றின் சுருக்கப்பெயர்) வெவ்வேறு நிறுவனங்கள் செய்த இரு சின்தசைசர்கள் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு ஒன்றோடொன்று பேசின. மிடி எனப்படும் பொதுமொழி அவ்வாறு அரங்கேறியது. மிடி ஒலியைச் சுமப்பதில்லை. எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகத்தோடு, எப்போது விடுபட்டது என்னும் செய்தியை மட்டுமே சுமக்கும். ஆகையால் அந்நாளைய எளிய கணினியும் அதனை நினைவில் வைத்துத் திருப்பி அனுப்ப இயன்றது. அடுத்த ஆண்டே ஐபிஎம் வகைக் கணினியையும் மிடிக் கருவிகளையும் இணைக்கும் எம்பியு-401 என்ற பெட்டியை ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் விற்கத் தொடங்கியது.

அந்தப் பெட்டியை நம்பிப் பிறந்ததே கேக்வாக். எழுதியவர் கிரெக் ஹெண்டர்ஷாட். தம் நிறுவனத்துக்குப் பன்னிரு சுரம் எனப் பொருள்படும் ட்வெல்வ் டோன் சிஸ்டம்ஸ் என்ற பெயரைச் சூட்டினார். கேக்வாக் என்ற சொல்லுக்குப் 'பாயசம் குடிப்பதுபோல் எளிது' என்று நம்மவர் பொருள் சொல்வர். அதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த கறுப்பின மக்கள், தம் எசமானர்களின் மிடுக்கு நடையைக் கேலிசெய்து ஆடிய ஆட்டம் அது. நன்றாக ஆடியவர்க்குக் கேக் பரிசு. ஒன்றனைப் பார்த்து இன்னொன்று நடித்துக்காட்டுதல் என்ற பொருள், பின்னாளில் இசை மென்பொருள்களுக்கு எவ்வளவு பொருந்தப்போகிறது என்பதை ஹெண்டர்ஷாட் எண்ணியிருக்க மாட்டார்.

முதற் கேக்வாக் டாஸ் இயங்குதளத்தில் ஓடியது. அதன் திரையில் படம் இல்லை. எழுத்தும் எண்ணும் மட்டுமே. ஒரு வரிக்கு ஒரு தடம்: தடத்தின் எண், அதன் பெயர், மிடி வாய்க்கால் எண் என்று கணக்குப்பிள்ளையின் பேரேடு போல் நின்றது. ஒரு தடத்தினுள் நுழைந்தால் மற்றொரு பட்டியல். அதில் வரிக்கு ஒரு நிகழ்வு. எந்தத் தாளக்கட்டத்தில், எத்தனையாவது தட்டில், எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நீளம். விசைப்பலகையின் அம்புக்குறிகளால் மேலும் கீழும் சென்று எண்ணை மாற்றினால் இசை மாறும்.

இங்கே நம் காதுக்குரிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். இப்பட்டியலில் ஒரு சுரம் என்பது ஓர் எண். அதனை அசைக்க வேண்டுமெனில், சுருதியை வளைக்கும் சக்கரத்தின் நிலையைக் கழித்தல் 8192 முதல் 8191 வரையிலான எண்களால் தனித்தனி வரிகளாக எழுத வேண்டும். ஒரு தோடி காந்தாரத்தின் அசைவு இப்பட்டியலில் பல பத்து வரிகளாகும். சுரம் முதலில், கமகம் பிறகு என்ற பிரிவினை இசை மென்பொருளின் அடித்தளத்திலேயே அமைந்துவிட்டது. பின்வந்த எந்த அழகுபடுத்தலும் அதனை முழுதும் மாற்றவில்லை. இது தனிக் கட்டுரைக்குரிய பொருள், இவ்வளவில் விடுகிறோம்.

*

கேக்வாக் பேரேடு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் வேறொரு சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. கார்ல் ஸ்டைன்பெர்க், மான்ஃபிரெட் ரூருப் இருவரும் 1984இல் தொடங்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் அட்டாரி எஸ்டி கணினிக்கு மென்பொருள் செய்தது. மிடிக் கம்பியை நேரே செருகும் துளையோடு 1985இல் வந்த கணினி அது. படத்திரையும் சுட்டியும் உடன் வந்தன. அவர்களது முந்தைய மென்பொருளான புரோ-24, பெயரிலேயே இருபத்துநான்கு தட நாடாப்பதிவுக் கருவியை நினைவூட்டியது. 1989இல் வெளிவந்த கியூபேஸ் ஒரு படி மேலே சென்றது. இசையின் ஒவ்வொரு பகுதியும் திரையில் ஒரு செவ்வகக் கட்டை. கட்டையைச் சுட்டியால் பிடித்து நகர்த்தலாம், வெட்டலாம், ஒட்டலாம், படியெடுத்து வலப்பக்கம் அடுக்கலாம். பாடலின் பல்லவி இரண்டாம் முறை வரவேண்டுமா, கட்டையை நகலெடுத்து வைத்தால் போதும்.

இந்த அமைப்பின் வெற்றி முழுமையானது. போட்டியாளர்கள் ஒருவர் பின் ஒருவராக அதனைத் தழுவிக்கொண்டனர். தொண்ணூறுகளில் விண்டோஸுக்குப் பெயர்ந்த கேக்வாக்கும் தன் பேரேட்டின் வலப்பக்கம் கட்டைகளை வரையத் தொடங்கியது. இடப்பக்கம் எண்களின் அட்டவணை, வலப்பக்கம் வண்ணக் கட்டைகள் என்ற அந்த இரட்டை முகம் பல ஆண்டுகள் நீடித்தது. அட்டவணையைக் கைவிட மனமில்லாத பழைய பயனர்களுக்கும், கட்டைகளைக் கண்டு மயங்கி வந்த புதியவர்களுக்கும் இடையே செய்துகொள்ளப்பட்ட உடன்பாடு அது என்று நாம் கருதுகிறோம். அழகற்றதுதான்; ஆனால் எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

1996இல் ஸ்டைன்பெர்க் இன்னொரு கதவைத் திறந்தது. விஎஸ்டி என்ற இணைப்புமுறை வந்தது. எதிரொலி, ஒலித்தேய்ப்பு முதலியவற்றைச் செய்யும் தனிப் பெட்டிகள் மென்பொருளாகவே உருப்பெற்றன. இவற்றைப் பிளக்-இன் என்பர். ஒவ்வொரு பிளக்-இன்னும் தன் சாளரத்தைத் தானே வரைந்துகொள்ள உரிமை பெற்றது. உரிமை கிடைத்ததும் என்ன வரைந்தார்கள்? பழைய கருவிகளை வரைந்தார்கள். துலக்கிய அலுமினியத் தகடு, மூலையில் திருகாணி, குமிழின் விளிம்பில் நிழல், ஊசி ஆடும் அளவுமானி.

இப்போக்கின் உச்சியில் நிற்பது ஸ்டாக்ஹோமின் புரோப்பெல்லர்ஹெட் நிறுவனம். அவர்கள் 1997இல் வெளியிட்ட ரீபர்த், ரோலண்டின் டிபி-303, டிஆர்-808 என்னும் கைவிடப்பட்ட கருவிகளின் முகத்தையே திரையில் எழுதிக்காட்டியது. (இருபது ஆண்டுகள் கழித்து, 2017இல், தன் உரிமையை மீறுவதாக ரோலண்ட் தெரிவித்ததை அடுத்து ரீபர்த்தின் ஐபேட் வடிவம் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. முகத்தை நகலெடுத்தாலும் வழக்கு வரும் என்பது சினிமாக்காரர்கள் மட்டும் அறிந்ததன்று.) 2000இல் வந்த ரீசனோ ஓர் இரும்புச் சட்டத்தில் கருவிகளை அடுக்கிக் காட்டியது. டேப் விசையை அழுத்தினால் சட்டம் திரும்பி முதுகைக் காட்டும். அங்கே கம்பிகள் தொங்கும். சட்டம் திரும்பிய வேகத்தில் அக்கம்பிகள் ஊஞ்சல் போல் ஆடும். வேடிக்கை என்று இதனை ஒதுக்கியவர்கள் உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஒலி எங்கே புறப்பட்டு எதன் வழியாக எங்கே சேர்கிறது என்பதை அக்கம்பிகளைப் பிடுங்கிச் செருகியே கற்றுக்கொண்ட இளைஞர்கள் பலர்.

குமிழ் வேறு கதை. உண்மையான குமிழ் விரல்களுக்காகப் பிறந்தது. ஒலிப்பதிவாளர் திரும்பிப் பாராமலே அதனைப் பற்றி, முனையிலுள்ள கோடு எத்திசையில் நிற்கிறது என்று விரல்நுனியால் அறிந்து, கால் அங்குலம் திருப்புவார்; கண்ணும் காதும் வேறிடத்தில் இருக்கும். திரையிலுள்ள குமிழைப் பற்ற முடியாது. சுட்டியை அதன்மேல் வைத்து அழுத்தி, வட்டமாக இழுப்பதா மேலும் கீழுமாக இழுப்பதா என்பதிலேயே மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு. கையின் வசதிக்காகச் செய்யப்பட்ட பொருளிலிருந்து கைக்குரியதை நீக்கிவிட்டுக் கண்ணுக்குரியதை மட்டும் படியெடுத்தார்கள். இந்த ஒரு மாற்றத்தின் விளைவு யார்மேல் மிகுதியாக விழுந்தது என்பதற்குச் சிறிது நேரத்தில் வருவோம்.

எதிர்த்திசையில் சென்றவர்களையும் சொல்ல வேண்டும். பெர்லினில் மோனோலேக் என்ற பெயரில் இசை செய்துவந்த கெர்ஹார்ட் பேலெஸ், ராபர்ட் ஹென்கே ஆகியோர் தொடர்புடைய ஏபிள்டன் நிறுவனம் 2001இல் லைவ் என்ற மென்பொருளை வெளியிட்டது. திருகாணி இல்லை, உலோகப் பளபளப்பு இல்லை, நிழலும் இல்லை. சாம்பல் நிறத் தளத்தில் தட்டையான கட்டங்கள். மேடையின் இருட்டில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு நிற்பவர் எதனைக் காண வேண்டுமோ அதுமட்டும். ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசித் திரையிலிருந்து தோலையும் மரத்தையும் நீக்கி ஐஓஎஸ் 7ஐத் தட்டையாக்கியது 2013இல். லைவ் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முற்பட்டது.

*

2001இல் கேக்வாக்கின் முதன்மை மென்பொருள் சோனார் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அடுத்த பத்தாண்டில் ஆண்டுக்கொரு பதிப்பு, பதிப்புக்கொரு புதிய சாளரம் என வளர்ந்துகொண்டே போயிற்று. மிக்ஸருக்கு ஒன்று, சுரப்பட்டைக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு பிளக்-இன்னுக்கும் ஒன்று. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்களைத் தேடுவதிலேயே பொழுது கழிகிறது என்ற குறை எழுந்தது. 2008இல் பெரும்பங்கை ரோலண்ட் வாங்கியிருந்தது. 2010 டிசம்பரில் சோனார் எக்ஸ்1 வெளிவந்தது.

இடைமுகத்துக்கு ஸ்கைலைட் என்று தனிப் பெயரே சூட்டப்பட்டது. கட்டுப்பாட்டுப் பட்டை, தேர்ந்த தடத்தின் விவரம், கோப்புகளின் பட்டியல், மிக்ஸரையும் பிறவற்றையும் மாற்றி மாற்றிக் காட்டும் கீழ்த்தட்டு என எல்லாம் ஒரே திரைக்குள் தத்தம் இடத்தில் பொருந்தின. முன்பு வெட்டுவதற்கு ஒரு கருவி, நகர்த்துவதற்கு ஒரு கருவி என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இப்போது ஸ்மார்ட் டூல் என்ற ஒரே கருவி, சுட்டி கட்டையின் எந்தப் பகுதியின்மேல் நிற்கிறது என்பதைப் பொறுத்துத் தன் வேலையை மாற்றிக்கொண்டது.

புதிதாக வந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். பழையவர்களிடையே கொந்தளிப்பு. பல ஆண்டுகளாக விரல்கள் மனப்பாடமாக வைத்திருந்த குறுக்குவிசைகள் மாறியிருந்தன. முதற் பதிப்புக்கே உரிய பிழைகளும் உடன்சேர்ந்தன. முந்தைய 8.5 பதிப்பிலேயே நின்றுவிட்டவர்கள் பலர். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது வெறும் பிடிவாதமாகத் தோன்றலாம். ஆனால் எண்ணிப்பாருங்கள்: விசையைத் தேடாமல் இயங்கும் கை ஒன்று உருவாகப் பத்தாண்டு ஆகிறது. அக்கையின் சொந்தக்காரரிடம் போய் "இனி இது எளிது" என்றால், அவருக்கு அது எளிதன்று, மீண்டும் அரிச்சுவடி. நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. பழையவர் எண்ணிக்கை வளர்வதில்லை. புதியவர் வராத மென்பொருள் நாளடைவில் மூடப்படும். இருதரப்புக்கும் இடையே எந்தப் பாலமும் போடாமல் ஒரே இரவில் மாற்றியதே தவறு என்பது நம் கருத்து.

இனி நாம் முன்னர்ச் சொன்ன தரப்பினரிடம் வருவோம்.

பார்வையற்றவர்களுக்கும் இசைக்கும் உள்ள உறவு எல்லா நாடுகளிலும் பழையது. மின்னணு இசையிலும் அவ்வாறே. ரே கர்ஸ்வெய்ல் 1976இல் அறிமுகப்படுத்திய, நூல்களை உரக்கப் படிக்கும் பொறியை வாங்கியவர்களுள் ஸ்டீவி வொண்டர் ஒருவர். அந்த நட்பின் பயனாகவே 1984இல் கர்ஸ்வெய்ல் 250 என்ற சின்தசைசர் உருவானது. ஒலிப்பதிவுக் கூடத்துக் கருவிகள் பார்வையற்றவர்க்குப் பெரும்பாலும் இணக்கமாகவே இருந்தன. குமிழைத் தொட்டால் அதன் நிலை தெரியும். ஃபேடரைத் தடவினால் அதன் உயரம் தெரியும்.

டாஸ் காலத்துக் கணினியும் வியப்பூட்டும் வகையில் அவர்களுக்கு உகந்ததாக இருந்தது. திரையில் இருப்பது எழுத்து மட்டுமே. எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் அதனை வரிவரியாகப் படித்துக்காட்டும். விபத்தொன்றில் பார்வையிழந்த டெட் ஹென்டர் தொடங்கிய நிறுவனத்தின் ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் டாஸுக்காக 1989இல் வெளிவந்தது. கேக்வாக்கின் பேரேட்டை நினைவுகூருங்கள். தடம் மூன்று, பியானோ, வாய்க்கால் ஒன்று. பட்டியலாக இருந்ததனாலேயே அது காதால் படிக்கத் தக்கதாக இருந்தது. கண்ணுள்ளவர்க்கு வறண்டு தோன்றிய அத்திரை, கண்ணில்லாதவர்க்கு முழுமையான திரை. இருவரும் ஒரே பக்கத்தின்முன் அமர்ந்திருந்தனர்.

விண்டோஸ் வந்ததும் அப்பக்கம் கிழிந்தது. இப்போது திரையில் இருப்பவை புள்ளிகள். எழுத்தும் புள்ளிகளால் வரையப்பட்டதே. எந்தச் சொல் எங்கே வரையப்படுகிறது என்பதை விண்டோஸின் வரைகட்டளைகளை இடைமறித்துக் கேட்டு, திரைக்குப் பின்னே மனக்கண்ணில் மற்றொரு திரையை ஜாஸ் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பொத்தான், பட்டியல் போன்று விண்டோஸே தரும் உறுப்புகளைப் பயன்படுத்திய மென்பொருள்கள் இம்முறையில் பிழைத்தன. தம் உறுப்புகளைத் தாமே படமாக வரைந்துகொண்டவை ஊமையாயின. திருகாணியும் நிழலும் கொண்ட அந்த அழகிய குமிழ், திரைவாசிப்பானுக்குப் பெயரற்ற ஒரு படம். அது குமிழ் என்பதோ, அதன்மேல் 'அதிர்வெண்' என்று எழுதியிருப்பதோ, அது இப்போது எந்த எண்ணில் நிற்கிறது என்பதோ அதற்குத் தெரியாது. விரலால் உணரத்தக்க ஒரு பொருளைப் படமாக்கியபோது, அதனை விரலால் மட்டுமே அறிந்திருந்தவர்களின் கையிலிருந்து அது பிடுங்கப்பட்டது.

அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பார்வையற்ற டிரம்பெட் கலைஞர் பில் மெக்கேன் 1992இல் தொடங்கிய டான்சிங் டாட்ஸ் என்ற நிறுவனம், கேக்டாக்கிங் என்ற பெயரில் ஜாஸுக்கான தனிநிரல்களை விற்றது. சோனாரின் எந்தச் சாளரத்தில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று ஜாஸுக்குக் கற்பித்து, அதன் பொருளைக் குரலாகச் சொல்ல வைத்தன அந்நிரல்கள். எண்கள் நிறைந்த அந்த 'அழகற்ற' இடப்பக்க அட்டவணையும், விசைப்பலகையாலேயே பெரும்பாலான வேலைகளைச் செய்ய முடிந்ததும் இதற்குத் துணைநின்றன. பார்வையற்ற இசைக்கலைஞர்களிடையே சோனார் பரவியதற்கு இதுவே காரணம்.

இந்நிரல்களின் உயிர், சாளரங்கள் இருந்த இடத்திலேயே இருப்பதில் இருந்தது. எக்ஸ்1 எல்லாவற்றையும் இடம்மாற்றியது. ஸ்மார்ட் டூல் என்பதோ சுட்டி எங்கே நிற்கிறது என்று கண்ணால் கண்டு செய்யும் வேலை. சுட்டியையே பயன்படுத்தாதவர்க்கு அச்சொல்லுக்குப் பொருளில்லை. கண்ணுள்ளவர்களில் 8.5இலேயே தங்கியவர்கள் விருப்பத்தால் தங்கினர், பிறகு பழகிக்கொண்டு மாறவும் செய்தனர். பார்வையற்றவர்களில் அங்கே தங்கியவர்களுக்கு அந்தத் தெரிவு இருக்கவில்லை. புதுப்பித்தலைப் பற்றிய அன்றைய கொந்தளிப்பில் குறுக்குவிசைகளைப் பற்றியும் நிறங்களைப் பற்றியும் எழுந்த குரல்களோடு ஒப்பிட்டால் இவர்களுடையது மெல்லிய குரல்தான்.

*

மாற்றுவழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. வின்ஆம்ப் என்ற இசைப்பான் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில் கணினியில் பாட்டுக் கேட்டவர் எவரும் அதனை மறவார். அதனைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல் 2006இல் ரீப்பர் என்ற இசை மென்பொருளின் முதற் பதிப்பை வெளியிட்டார். ரீப்பரின் சாளரங்கள் பலவும் பட்டியல்களும் விண்டோஸ் தரும் வெற்று உறுப்புகளாலேயே ஆனவை. சலிப்பூட்டும் தோற்றம் என்று அதனைக் குறைகூறியவர்கள் உண்டு. எந்தச் செயலுக்கும் எந்த விசையையும் பயனரே ஒதுக்கிக்கொள்ளலாம், அதனோடு வெளியார் நிரல் எழுதிச் சேர்க்கலாம் என்பவை அதன் சிறப்புகள்.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கியிருந்தார். ஜாஸின் விலை அதிகம். இது எவர்க்கும் இலவசம். அவரோடு இணைந்து பணியாற்றிய, அவரைப் போலவே பார்வையற்ற ஜேம்ஸ் டே, பின்னர் ரீப்பருக்காக ஓசாரா என்ற இணைப்பை எழுதினார். இது திரையைப் பார்த்து ஊகிப்பதில்லை. ரீப்பரின் உள்ளேயே அமர்ந்து, எந்தத் தடம், அதன் பெயர் என்ன, ஒலி அடக்கப்பட்டிருக்கிறதா, இப்போது எந்தத் தாளக்கட்டத்தில் நிற்கிறோம் என்பதை நேரே கேட்டறிந்து திரைவாசிப்பானிடம் கொடுக்கிறது. தோற்றம் மாறினாலும் அது குலைவதில்லை. டாஸ் காலத்துப் பேரேடு மீண்டும் வந்துவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது; இம்முறை கண்ணுக்குத் தெரியாத பேரேடாக.

சோனாரின் கதையை முடித்துவிடுவோம். 2013இல் அதனை கிப்சன் கிட்டார் நிறுவனம் வாங்கியது. 2017 நவம்பரில் வளர்ச்சிப் பணியை நிறுத்துவதாக அறிவித்தது. முப்பதாண்டு மென்பொருள் ஒரே அறிக்கையில் முடிந்தது. 2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் அதன் உரிமைகளை வாங்கி, சில வாரங்களில் இலவசமாகவே வெளியிட்டது. பழையவர்களின் நன்றிக்கு அளவில்லை. ஆனால் முகம் எக்ஸ் வரிசையின் முகமேதான். அதற்குள் திரைகள் மாறிவிட்டிருந்தன.

இது தோற்றச் சிக்கல் போலத் தெரியும். உண்மையில் கணக்குச் சிக்கல். பழைய மென்பொருள்களில் ஒவ்வொரு பொத்தானும் குமிழும் பிட்மேப், அதாவது இத்தனை புள்ளி அகலம் இத்தனை புள்ளி உயரம் என்று முன்பே வரைந்துவைத்த படம். ஒரு குமிழ் சுழல்வதைக் காட்ட, சினிமாச் சுருள் போல அதன் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம் வேண்டும். அதே அளவுத் திரையில் நான்கு மடங்கு புள்ளிகள் நெருக்கி அமைக்கப்பட்டால் அப்படம் கால்வாசியாகச் சுருங்கி எறும்பாகும், பெரிதாக்கினால் மங்கும். இதற்கு மருந்து, வடிவத்தைப் படமாக வைக்காமல் கோடும் வளைவுமாகக் கணக்கில் வைத்து, திரைக்கேற்ப அவ்வப்போது வரைந்துகொள்வது. இதனை வெக்டர் முறை என்பர். பெல்ஜியத்தின் எஃப்எல் ஸ்டூடியோ 2015இல், தன் 12ஆம் பதிப்பில், இம்முறைக்கு மாறியது. துலக்கிய அலுமினியமும் திருகாணியும் பல மென்பொருள்களிலிருந்து மறைந்ததற்கு ரசனை மாற்றம் பாதிக் காரணம் என்றால், நிழல்களைவிடக் கோடுகளைக் கணக்கில் வைப்பது எளிது என்பது மறுபாதி.

2023 ஜூனில் பேண்ட்லேப் புதிய சோனாரை அறிவித்தபோது முன்னிறுத்திய செய்திகளுள் முதன்மையானது இதுவே: முகம் முழுவதும் வெக்டர் முறையில் மீண்டும் வரையப்பட்டது, எந்தத் திரையிலும் கூர்மையாகத் தெரியும். இம்முறை அறைகளை இடம்மாற்றவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு மட்டும் அடித்தார்கள். எக்ஸ்1 கற்பித்த பாடமாகவும் இருக்கலாம்.

இக்கட்டுரையை எழுதி முடிக்குமுன் ஒன்றைச் செய்துபார்த்தோம். ரீப்பரையும் என்விடிஏவையும் ஓசாராவையும் நிறுவிக்கொண்டு, ஐந்து தடங்கள் கொண்ட சிறிய மிடிக் கோப்பொன்றைத் திறந்து, திரையை அணைத்துவிட்டு அமர்ந்தோம். மூன்றாம் தடத்தில் எங்கோ ஒரு தவறான சுரம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தது. அதனைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும். முதற் பத்து நிமிடங்கள் எந்தத் தடத்தில் நிற்கிறோம் என்பதே பிடிபடவில்லை. குரல் சொல்லும் வேகத்துக்கு நம் காது பழகவில்லை. சுட்டியைத் தேடி வலக்கை மேசைமேல் வெறுமையாக அலைந்தது. பிறகு அம்புக்குறிகளால் ஒவ்வொரு தாளக்கட்டமாக நகர்ந்து, ஒவ்வொரு சுரத்தின் பெயரையும் கேட்டு, பிழையை அடைந்து, அழித்தோம். திரையை இயக்கிப் பார்த்தபோது அந்தச் சுரம் நீங்கியிருந்தது. கடிகாரம் நாற்பது நிமிடங்கள் கடந்துவிட்டதைக் காட்டியது.